ஓயாத நோயும் ஓய்ந்த காவலரும்
(தோணிரேவில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



தோணியையும் ரேவையும் தன் பெயரிலேயே தாங்கி நிற்கும் இவ்வூரில், பழவேற்காட்டு ஏரிக்கரையில், உங்கள்முன் பேசும் பேற்றை எனக்களித்த சங்கத்தார்க்கு என் வந்தனம் உரித்தாகுக. சாஸ்திர சம்பந்தமான ஒரு விஷயத்தை எல்லோர்க்கும் விளங்கும் வண்ணம் எடுத்துரைக்க வேண்டுமென்று காரியதரிசியவர்கள் கட்டளையிட்டார்கள். நம் கூட்டங்களில் நம் மரபினருள் உயர்ந்தோரின் புகழைப் பேசுவதே பெரும்பாலும் வழக்கம். இன்று நான் பேசப்போகிறவர் நம் மரபினரல்லர், தமிழ்நாட்டவருமல்லர். ஐதராபாத்திலே வளர்ந்து, அமெரிக்க தேசஞ் சென்று, வைரஸ் கிருமிகளையும் அவற்றை எதிர்க்கும் இரத்த அணுக்களையும் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த ரபி அகமது என்னும் அறிஞர் அவர். அவரை இந்த ஏரிக்கரைக்கு ஏன் அழைத்து வருகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நலம்.

ஏரியின் முகத்துவாரம் மணல் மூடி அடைபடுங் காலங்களில் மீனும் இறாலும் அருகி, நம்மவர் பிழைப்பு எவ்வாறு தடுமாறுகிறதென்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. ஆதலால் இளைஞர் சிலர் அரபு நாடுகளில் வேலை தேடுகின்றனர். புறப்படுமுன் மருத்துவச் சோதனை உண்டு. வலை இழுத்து உரமேறிய தோள்களோடு, காய்ச்சலென்று படுத்தறியாத பிள்ளை ஒருவன் அச்சோதனைக்குச் செல்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் இரத்தத்தில் ‘ஹெபடைட்டிஸ் பி’ என்னும் ஈரல் நோய்க் கிருமி இருக்கிறதென்றும், ஆகவே வேலைக்குத் தகுதியில்லையென்றும் சீட்டெழுதிக் கொடுத்துவிடுகின்றனர். அவன் ஊர் திரும்புமுன் செய்தி ஊருக்கு வந்துவிடுகிறது. அன்று முதல் அவனுக்குத் தட்டு வேறு, குவளை வேறு. தோணியில் உடனிருந்து கஞ்சி குடித்தவர்கள் சற்றே தள்ளி அமர்கின்றனர். பெண் கொடுப்பதாக வாக்களித்தவர் வேறு சம்பந்தம் பார்க்கத் தொடங்குகின்றார். “எங்கே போய் எதை வாங்கி வந்தானோ!” என்று திண்ணைகளில் பேச்சு நடக்கிறது. அவனைப் பெற்றவளும் அதே கேள்வியைத் தனக்குள் கேட்டுக்கொள்ளுகிறாள். வாய்விட்டுக் கேட்கவில்லை, அவ்வளவே வேற்றுமை.

அவன் செய்த பிழை யாது? இக்கேள்விக்கு நேர்மையான விடை கூற வேண்டுமாயின், நோயை எதிர்க்கும் அணுக்கள் சரீரத்திலே எவ்வாறு போராடுகின்றன, எப்பொழுது ஓய்ந்துவிடுகின்றன என்பதை அறிய வேண்டும். அதை உலகத்துக்கு விளக்கியவர்களில் முதன்மையானவர் ரபி அகமது.

நம் மார்பெலும்புக்குப் பின்னால், இருதயத்துக்கு மேற்புறத்தே, தைமஸ் என்றொரு சிறு சுரப்பி உண்டு. பிள்ளைப் பருவத்தில் பெரிதாயிருந்து, வயது ஏற ஏறச் சுருங்கிப்போவது. அஃது எதற்காக இருக்கிறதென்று வைத்தியர்களுக்கே வெகுகாலம் தெரியாது. 1961-ஆம் ஆண்டில் லண்டன் நகரிலே ஜாக்ஸ் மில்லர் என்பார், பிறந்தவுடனே சுண்டெலிக் குஞ்சுகளிலிருந்து அச்சுரப்பியை அகற்றிப் பார்த்தார். அவை நோய்களைத் தாங்கும் வலியிழந்தன. வேறோர் எலியின் தோலை ஒட்டவைத்தாலும் அதனை அயலென்று தள்ளவும் அவற்றுக்கு இயலவில்லை. வெள்ளணுக்களில் ஒரு சாரார் இச்சுரப்பியிலே பயிற்சி பெற்றே காவலுக்கு வருகின்றனர் என்பது அதனால் புலனாயிற்று. ஆங்கிலத்தில் தைமஸ் என்னும் சொல்லின் முதலெழுத்தைக் கொண்டு அவற்றை ‘டி’ அணுக்கள் என்கின்றனர்.

வைரஸ் என்பது தனித்து வாழமாட்டாத கிருமி. நம் அணுக்களுக்குள்ளே புகுந்து, அவற்றின் கருவிகளைக் கொண்டே தன் இனத்தைப் பெருக்கிக்கொள்வது. உள்ளே புகுந்துவிட்ட வைரஸை இரத்தத்தில் உலவும் எதிர்ப்பொருள்கள் எட்டமாட்டா. அங்கேதான் டி அணுவின் வேலை. மீன் விற்கும் தாய்மார்கள், கூடைக்குள் இருப்பது இன்னதென்று காட்டும்பொருட்டு இரண்டொரு மீனை மேலே எடுத்து வைப்பதுண்டல்லவா? அதுபோலவே நம் அணுக்கள் தம்முள் உண்டாகும் பொருள்களின் சிறு துணுக்குகளை மேற்புறத்தே ஏந்திக் காட்டிக்கொண்டிருக்கின்றன. அவ்வழியே உலாவரும் டி அணு அதனைத் தொட்டுப் பார்க்கிறது. சொந்தச் சரக்காயின் அப்பாற் செல்கிறது. வைரஸின் துணுக்காயின், அதனை ஏந்தி நிற்கும் அணுவையே கொன்றுவிடுகிறது. துணுக்கை மட்டுமன்றி, அதை ஏந்தும் தட்டு தன் சரீரத்துக்கு உரியதுதானா என்பதையும் அது சேர்த்தே நோக்குகிறது என்னும் நுட்பத்தை, 1974-இல் ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரிலிருந்து பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ப் சிங்கர்நாகலும் வெளியிட்டனர். அதற்காக 1996-இல் அவ்விருவர்க்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஒன்றை இங்கே நினைவில் இருத்திக்கொள்ளுங்கள். டி அணு கொல்வது வைரஸையன்று. வைரஸ் குடிபுகுந்த நம் சொந்த அணுவை. திருடன் புகுந்த வீட்டை வீட்டோடு கொளுத்தும் காவலன் அவன். திருடர் புகுந்த வீடு ஒன்றிரண்டானால் ஊர் பிழைக்கும். ஊர் முழுதும் புகுந்திருந்தால் என்னாவது? இக்கேள்வி பின்னர் வரும்.

கான்பெராவில் பயன்பட்டது சுண்டெலிகளிடம் இயல்பாகக் காணப்படும் ஒரு வைரஸ். அதன் முழுப்பெயர் நாவில் நுழையாது. எழுத்துகளைச் சுருக்கி எல்.சி.எம். வைரஸ் என்பர். 1930-களிலே அமெரிக்காவில் கண்டறியப்பட்ட இக்கிருமிக்கு விந்தையான ஒரு குணம் உண்டு. வளர்ந்த எலியினுள்ளே அதைச் செலுத்தினால், எலியின் டி அணுக்கள் பாய்ந்தெழுந்து போராடுகின்றன. பிறந்த குஞ்சுக்கோ, தாய் வயிற்றிலிருக்கும் குஞ்சுக்கோ அது தொற்றுமாயின், போராட்டமே நிகழ்வதில்லை. குஞ்சு வளர்கிறது, ஓடுகிறது, தின்கிறது. ஆனால் சாகுமட்டும் அதன் இரத்தத்தில் வைரஸ் நிறைந்தேயிருக்கிறது. கிருமி ஒன்றே. உடம்பும் ஒரே சாதி உடம்பு. தொற்றிய வயது மட்டுமே வேறு.

எலிக்கு வந்த நோயினால் நமக்கென்ன என்று சிலர் எண்ணக்கூடும். ஹெபடைட்டிஸ் பி நோயின் கதையும் வரிக்கு வரி இதுவேயென்பதைப் பின்னால் காண்பீர்கள்.

ரபி அகமது உஸ்மானியா சர்வகலாசாலையில் 1968-இல் பட்டம் பெற்றவர். அப்பால் அமெரிக்கா சென்று, ஐடஹோ மாகாணத்துச் சர்வகலாசாலையிலே நுண்ணுயிர் நூலைப் பயில மீண்டும் ஒரு முதற்பட்டத்துக்கே மாணவராக அமர்ந்தார். ஒரு பட்டம் கையிலிருக்க, அடிப்படியிலிருந்து மறுபடியும் தொடங்குவதை நம்மில் எத்தனை பெற்றோர் பொறுப்பார்கள் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. “படித்தது போதாதா, சம்பாதிக்க வேண்டாமா?” என்போம். அவர் பின்னர் ஹார்வர்டு சர்வகலாசாலையிலே 1981-இல் டாக்டர் பட்டம் பெற்று, கலிபோர்னியாவில் லா ஹோயா என்னும் கடற்கரை ஊரிலுள்ள ஸ்கிரிப்ஸ் ஆராய்ச்சி நிலையத்தை அடைந்தார். அங்கே மைக்கேல் ஓல்ட்ஸ்டோன் என்னும் ஆசிரியரிடத்தே இந்த எலி வைரஸ் அவர் கைக்கு வந்தது. அதன்பின் பல்லாண்டுகள் அதனை அவர் விடவில்லை.

அவர் முதலிற் கேட்ட கேள்வி எளியது. பிறவிதொட்டு வைரஸைச் சுமக்கும் எலியின் சரீரத்தில், அவ்வைரஸ் மாறாமல் அப்படியே இருக்கிறதா? அத்தகைய எலிகளின் மூளையிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் வைரஸைத் தனித்தனியே பிரித்தெடுத்து, வளர்ந்த எலிகளுக்குச் செலுத்தினார். மூளையிலிருந்து எடுத்தது தன் மூதாதையைப் போலவே நடந்துகொண்டது. எலியின் டி அணுக்கள் அதனை விரட்டிவிட்டன. மண்ணீரலிலிருந்து எடுத்ததோ வளர்ந்த எலியிலும் மாதக்கணக்கில் குடியிருந்தது. 1984-இல் வெளியான இச்செய்தியிலே வரும் அம்மாறுபட்ட கிருமிக்குக் ‘குளோன் 13’ என்று பெயர். மூதாதைக்கும் அதற்கும் மரபெழுத்துகளிலே உள்ள வேற்றுமை மிகச் சொற்பம். ஆயினும் ஒன்று ஒரு வாரத்தில் ஒழியும் நோய். மற்றொன்று ஓயாத நோய்.

ஆராய்ச்சியாளனுக்கு இதைவிடச் சிறந்த கருவி வேறில்லை. ஒரே இனத்து எலிகள். அண்ணன் தம்பி போன்ற இரண்டு வைரஸ்கள். டி அணுக்கள் வெல்வது எவ்வாறு, தோற்பது எவ்வாறு என்பதைப் பக்கத்திற் பக்கம் வைத்து நோக்கலாம். 1984 முதல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்துக் கலிபோர்னியா சர்வகலாசாலையிலும், 1995 முதல் அட்லாண்டா நகரத்து எமரி சர்வகலாசாலையின் தடுப்பூசி ஆராய்ச்சி நிலையத்திலும் அவர் செய்த வேலை பெரும்பாலும் இதுவேயாம்.

வெற்றியின் கதையை முதலிற் கூறுகிறேன். வைரஸை எதிர்க்கும் டி அணுக்கள் எத்தனை என்று எண்ணுவதே அக்காலத்திற் பெரும்பாடு. 1996-இல் ஜான் ஆல்ட்மன், மார்க் டேவிஸ் முதலியோர் ஒரு புதுத் தூண்டிலைச் செய்தனர். வைரஸ் துணுக்கை ஏந்திய தட்டுகள் நான்கை ஒன்றாகப் பிணைத்து, ஒளிவிடும் சாயம் ஏற்றினர். ஆயிரம் ஆயிரம் டி அணுக்களுக்கிடையே அந்தத் துணுக்கை அறிந்த டி அணு மட்டுமே அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். இன்ன இரைக்கு இன்ன மீன் என்பது நமக்குத் தெரியாததா? இத்தூண்டிலைக் கொண்டு, ரபி அகமதுவின் கூடத்திலே கஜ முரளி கிருஷ்ணா என்னும் நம் தேசத்து ஆராய்ச்சியாளரும் மற்றவரும் 1998-இல் எண்ணிப் பார்த்தனர். நோய் தொற்றிய எட்டாம் நாளில் எலியின் மண்ணீரலிலுள்ள கொல்லும் வகை டி அணுக்களிற் பாதிக்கு மேற்பட்டவை அந்த ஒரு வைரஸை எதிர்ப்பவையே என்று கண்டனர். அதற்குமுன் கணக்கிட்டவர்கள் அவற்றில் மிகச் சிறு பகுதியையே கண்டிருந்தனர்.

வைரஸ் ஒழிந்தபின் அப்பெரும்படையிற் பெரும்பகுதி மடிந்துபோகிறது. எஞ்சிய சிறு பகுதியினர் எலியின் ஆயுள் முடியுமட்டும் காத்திருக்கின்றனர். ஏரியிலே தம் பாட்டு முறை வருமளவும் வலையோடு காத்திருப்பவர்போல. அவ்வாறு காத்திருப்பதற்கு வைரஸின் மிச்சம் எதுவும் உடம்பில் இருக்க வேண்டுவதில்லை என்பதையும் 1994-இலேயே அவரும் உடனுழைத்தோரும் காட்டியிருந்தனர். ஒருமுறை அம்மை கண்டவர்க்கு மீண்டும் அந்நோய் வருவது ஏன் அரிது, தடுப்பூசி ஏன் ஆண்டாண்டுக்கும் பலன் தருகிறது என்பவற்றின் அடிப்படை இந்த நினைவாற்றலில் இருக்கிறது.

இனித் தோல்வியின் கதை. இதுவே நமக்கு வேண்டுவது.

குளோன் 13 தொற்றிய எலியில் டி அணுக்கள் முதலில் எழுகின்றன; சில நாட்களில் அவற்றின் செயல் அடங்கிவிடுகிறது. 1993-இல் சூரிச் நகரில் சிங்கர்நாகலின் கூட்டத்தார் இந்நிலைக்குக் ‘களைத்தொழிதல்’ என்று பெயரிட்டு, ஓயாது போரிட்ட டி அணுக்கள் மறைந்தே போகின்றன என்றனர். ரபி அகமதுவின் கூடத்தார் 1998-இல் புதுத் தூண்டிலை இட்டுப் பார்த்தபொழுது வியப்பான ஒன்று வெளிப்பட்டது. சில வகை டி அணுக்கள் மறைந்தது உண்மை. ஆனால் வேறு சில மறையவில்லை. அவை இருந்த இடத்திலேயே இருந்தன. வைரஸை அறிந்தும் இருந்தன. கொல்லும் தொழிலை மட்டும் மறந்து, கையிற் கோலோடு உறங்கும் காவலரைப்போல நின்றன.

மாண்ட காவலனை எழுப்ப இயலாது. உறங்குபவனை எழுப்பலாமன்றோ? எட்டாண்டுகள் அக்கேள்வியைத் தொடர்ந்தனர். வேலை செய்யும் டி அணுவிலும், ஓய்ந்த டி அணுவிலும் எந்தெந்த மரபணுக்கள் விழித்திருக்கின்றன என்று ஒப்பிட்டதில், ஓய்ந்தவற்றின் மேற்புறத்தே பி.டி.-1 என்னும் ஒரு பொருள் மிகுதியாகக் காணப்பட்டது. ஜப்பானிய அறிஞர் தசுக்கு ஹோஞ்சோ 1992-இலேயே கண்டறிந்த பொருள் அது. டி அணுவின் வேகத்தைத் தணிப்பது அதன் தொழில்.

நம் தொழிலிலிருந்தே உவமை சொல்கிறேன். பாய் விரித்திருக்கிறது, காற்றும் அடிக்கிறது, தோணியோ நகரவில்லை. தோணி பழுதென்று கரையிலிருப்பவன் சொல்வான். நங்கூரம் கீழே கிடக்கிறதென்பது தோணியிலிருப்பவனுக்கே தெரியும். பி.டி.-1 அந்த நங்கூரம். 2006-இல் டேனியல் பார்பர், ஜான் வெரி முதலிய இளைஞர்களோடும், ஹார்வர்டைச் சார்ந்த ஆர்லீன் ஷார்ப், கார்டன் பிரீமன் ஆகியோரோடும் சேர்ந்து, அந்நங்கூரம் பற்றும் இடத்தை மறைக்கும் ஒரு மருந்தை நோயுற்ற எலிகளுக்கு ரபி அகமது செலுத்தினார். ஓய்ந்திருந்த டி அணுக்கள் பெருகின. தொழிலை மீண்டும் தொடங்கின. வைரஸின் அளவு குறைந்தது.

அதே ஆராய்ச்சியிலே மற்றொரு செய்தியும் உண்டு. அதனை எடுத்துரைப்போர் குறைவு. நங்கூரம் பற்றும் இடமே பிறவியில் இல்லாத எலிகளுக்கு அதே குளோன் 13 வைரஸைச் செலுத்தினர். தடையில்லாத டி அணுக்கள் வைரஸை விரைவில் ஒழித்திருக்கும் என்றுதானே எண்ணுவோம்? அவ்வெலிகள் சில நாட்களிலேயே மாண்டன. வைரஸ் கொல்லவில்லை, தடையற்றுப் பாய்ந்த சொந்தக் காவலரே கொன்றனர். ஊர் முழுதும் திருடர் புகுந்திருக்கையில் வீடுகளைக் கொளுத்தத் தொடங்கினால் என்னாவது என்று முன்னே கேட்டேனே, அதற்கு விடை இதுதான். புயலில் நங்கூரம் தோணியைத் தடுப்பது அதனைக் காப்பதற்காகவே. டி அணுக்கள் ஓய்வது தோல்வியென்று மட்டும் சொல்லலாகாது. வெல்ல முடியாத பகைவனோடு உடம்பு செய்துகொள்ளும் உடன்படிக்கை அது. ரபி அகமதுவின் வாழ்நாள் உழைப்பிலே எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுவது இந்த உண்மையே.

இக்கண்டுபிடிப்பு முதலிற் பயன்பட்டது வைரஸ் நோயிலன்று, புற்றுநோயிலே. புற்றுக்கட்டிகளைச் சூழ்ந்த டி அணுக்களும் இவ்வாறே ஓய்ந்து நிற்கின்றன. பி.டி.-1 நங்கூரத்தைத் தூக்கும் மருந்துகள் 2014-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றன. 2018-இல் ஹோஞ்சோவுக்கும் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் ஆலிசனுக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ரபி அகமது 2009-இல் அமெரிக்க தேசிய விஞ்ஞானக் கழகத்துக்குத் தெரிவு செய்யப்பெற்றார். எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. தொற்றியோரின் டி அணுக்களிலும் அதே பி.டி.-1 மிகுந்திருக்கிறதென்று 2006-லேயே வேறு ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். ஹெபடைட்டிஸ் பி தொற்றியோரிடத்தும் பின்னர் அதுவே காணப்பட்டது.

இப்பொழுது நம் பிள்ளையிடம் திரும்புவோம்.

ஹெபடைட்டிஸ் பி கிருமியின் அடையாளத்தை, ஆஸ்திரேலிய ஆதிகுடியினர் ஒருவருடைய இரத்தத்தில் முதன்முதற் கண்டு 1965-இல் வெளியிட்டவர் பாருக் பிளம்பர்க் என்னும் அமெரிக்கர்; 1976-இல் நோபல் பரிசு பெற்றவர். இக்கிருமி ஈரலின் அணுக்களுள் வாழ்கிறது. ஆயின் அவற்றைத் தானே கொல்வதில்லை. ஈரலுக்கு வரும் சேதம் பெரும்பாலும் டி அணுக்களின் தாக்குதலாலேயே வருவது. வளர்ந்த ஒருவர்க்கு இது தொற்றினால், டி அணுக்கள் பாய்ந்தெழுகின்றன, காமாலை காணலாம், சில மாதங்களில் நோய் ஒழிந்துபோகிறது. நூற்றுக்கு ஐவர்க்கும் குறைவானவர்க்கே அது நிலைத்துவிடுகிறது. பிரசவ காலத்திலே தாயினிடமிருந்து குழந்தைக்குத் தொற்றினாலோ, நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகளிடம் நிலைத்துவிடுகிறது. குழந்தைக்குக் காமாலை காண்பதுமில்லை, காய்ச்சலுமில்லை. வளர்கிறது, ஓடுகிறது, நீந்துகிறது, வலை இழுக்கிறது. எலியின் கதையை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே, இருபத்தைந்து வயதில் சோதனைச் சீட்டோடு திரும்பும் பிள்ளையை நோக்கி “எங்கே போய் வாங்கி வந்தான்?” என்று கேட்பது பெரும்பாலும் அறியாமை. நம் தேசத்தில் இக்கிருமியை நெடுங்காலம் சுமப்போரிற் பலர் பிறப்பிலோ இளம் பருவத்திலோ அதனைப் பெற்றவர்கள். அவன் ஒரு வயதுக் குழந்தையாயிருந்தபொழுதே அவன் டி அணுக்கள் அதனோடு உடன்பட்டுவிட்டிருக்கலாம். தாயும் குற்றவாளியல்லள், அவளுக்கும் அது அவள் தாயிடமிருந்து வந்திருக்கலாம். சுத்தம் செய்யாத கத்தி, சுத்தம் செய்யாத ஊசி, பச்சை குத்தும் முள், ஒருவர்க்குப் பயன்பட்ட சவரக் கத்தி, இவற்றாலும் வரும். உடலுறவாலும் வரும். ஒரே தட்டில் உண்பதால் வராது. ஒரே குவளையிற் குடிப்பதால் வராது. ஒரே தோணியில் தோளோடு தோள் அமர்ந்து வலை இழுப்பதால் வராது. மணஞ் செய்துகொள்ளும் பெண்ணுக்கு இரத்தச் சோதனை செய்து, முன்னரே தடுப்பூசி போட்டுவிட்டால், அவளுக்கும் அச்சமில்லை.

அவனுக்குச் சிகிச்சையே வேண்டாமென்று நான் சொல்லவில்லை. உடன்படிக்கை என்றேனே, அஃது எக்காலத்தும் நிற்பதன்று. ஆண்டுகள் செல்ல, டி அணுக்கள் இடையிடையே விழித்தெழுந்து ஈரலைத் தாக்க, ஈரல் இறுகிப்போதலும் அதிலே புற்று உண்டாதலும் உண்டு. ஆதலின் டாக்டர் குறிக்கும் காலங்களில் தவறாது இரத்தச் சோதனை செய்துகொள்ளுதல் வேண்டும். சாராயத்தை அறவே விடுதல் வேண்டும். வைரஸின் பெருக்கத்தை அடக்கும் மாத்திரைகள் இருக்கின்றன. தேவைப்படுவோர்க்கு மட்டும் கொடுப்பவை. 2018 ஜூலை 28-ஆம் நாள் இந்திய அரசாங்கம் தொடங்கிய தேசிய ஈரலழற்சித் தடுப்புத் திட்டத்தின்கீழ் அவற்றை அரசாங்க மருத்துவமனைகளில் விலையின்றிப் பெறலாம். அவை கிருமியை அடக்கி வைப்பனவேயன்றி, அடியோடு களைவது அரிது. நங்கூரத்தைத் தூக்கும் மருந்தை இந்நோய்க்குக் கொடுத்தாலென்ன என்று இளைஞர் கேட்கலாம். மாண்டுபோன எலிகளை நினையுங்கள். ஈரலெங்கும் கிருமி பரந்திருக்கையிலே டி அணுக்களை முற்றும் அவிழ்த்துவிடுவது எளிய காரியமன்று. ஆகையால் அஃது இன்னும் ஆராய்ச்சி நிலையிலேயே இருக்கிறது.

கீழாநெல்லியைப் பற்றிச் சொல்லாமல் இறங்கினால் பெரியோர்கள் என்னை விடமாட்டார்கள். காமாலைக்குக் கீழாநெல்லி என்பது நம் பாட்டிமார் கண்ட வழி. இதனை ஏளனஞ் செய்யாமல் சோதித்துப் பார்த்தவரும் சென்னையிலேயே இருந்தார். சென்னைச் சர்வகலாசாலையின் நுண்ணுயிர்ப் பேராசிரியரும் பின்னாளில் அதன் துணைவேந்தருமான எஸ். பி. தியாகராஜன் அவர்கள், முன்னே சொன்ன பிளம்பர்க்கோடு சேர்ந்து, 1988-இல் ‘லான்செட்’ என்னும் ஆங்கில மருத்துவ இதழிலே ஒரு முடிவை வெளியிட்டார். ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமந்தோரில் கீழாநெல்லிப் பொடி உண்ட 37 பேரில் 22 பேர்க்கு அதன் அடையாளம் மறைந்தது. வெறும் பொடி உண்ட 23 பேரில் ஒருவர்க்கே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்த செய்தி அது. ஆனால் பின்னர்ப் பிற இடங்களில் நடந்த சோதனைகள் சில அதே பலனைக் காட்டவில்லை. ஒரு சோதனையில் தேறியது மற்றவர் கையிலும் தேறினாலன்றி, அதனை மருந்தென்று சாஸ்திரம் ஏற்பதில்லை. ஆகையால் கீழாநெல்லியை நம்பி டாக்டரிடம் செல்லாதிருப்பது தகாது.

கீழாநெல்லிக்காவது இவ்வளவு ஆராய்ச்சி நடந்தது. சந்தையில் “எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்” என்று விற்கும் பொடிகளுக்கும் பானங்களுக்கும் அதுவுமில்லை. எதிர்ப்புச் சக்தி என்பது உலையில் ஏற்றும் நெருப்பைப்போல எவ்வளவு கூட்டினாலும் நன்மையென்று எண்ணி, கொரோனா காலமாகிய 2020, 2021-ஆம் ஆண்டுகளில் நம்மவர் செலவிட்ட பணம் கொஞ்சமன்று. அது பெருகினாலே பிழைப்போம் என்பது உண்மையாயின், நங்கூரமில்லாத எலிகளன்றோ நீடூழி வாழ்ந்திருக்க வேண்டும்!

செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. அது பிரசவ அறையில் இருக்கிறது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியைக் குழந்தை பிறந்த இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் போட வேண்டும். டி அணுக்கள் கிருமியோடு உடன்படுவதற்கு முன்னே, அதனைப் பகையென்று காட்டிக்கொடுக்கும் ஊசி இது. பின்வரும் தவணைகளும் தவறாமல் போட்டாக வேண்டும். முன்னர் இதன் விலை ஏழைகளுக்கு எட்டாததாயிருந்தது; 1997-இல் ரபி அகமது படித்த அதே ஐதராபாத்திலே சாந்தா பயோடெக்னிக்ஸ் என்னும் கம்பெனி நம் நாட்டிலேயே இதனைச் செய்து விலையை இறக்கியது. 2011 முதல் தேசமெங்கும் அரசாங்கத் தடுப்பூசிப் பட்டியலில் இது சேர்ந்திருக்கிறது. விலை கொடுக்க வேண்டுவதில்லை. கர்ப்பிணிகள் முன்னமே இரத்தச் சோதனை செய்துகொண்டால், கிருமி உள்ள தாயின் குழந்தைக்கு இவ்வூசியோடு எதிர்ப்பொருள் ஊசி ஒன்றையும் பிறந்தவுடன் போட ஏற்பாடு செய்யலாம். ஆகையால் வீட்டிலே பிரசவம் நேர்ந்துவிட்டாலும், “குழந்தை பச்சை உடம்பு, பத்து நாள் போகட்டும்” என்று பாட்டிமார் தடுக்காமல், அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எடுத்துச் செல்லும்படி அவர்களைக் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் நாள் போடும் ஊசி முதல் நாள் ஊசியாகாது.

சங்கத்தாரிடத்தே எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. சீட்டு வாங்கித் திரும்பிய பிள்ளைகள் சென்னை சென்று சோதனை செய்துவர வழிச்செலவும், அன்றைக் கூலியும் இன்றி வீட்டிலேயே அடைந்துகிடக்கின்றனர். சங்க நிதியிலிருந்து அச்செலவுக்கென ஒரு சிறு தொகையை, பெயரை வெளியிடாமல் கொடுக்கும் ஏற்பாட்டோடு ஒதுக்கலாமென்று அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்தில் பிரேரணை கொண்டுவர எண்ணியிருக்கிறேன். ஆதரிக்க விரும்புவோர் காரியதரிசியவர்களிடம் தெரிவிக்கலாம்.

கூட்டத்தில் எழுந்து கேட்கக் கூசும் கேள்விகள் சிலர்க்கு இருக்கும். நாளைக் காலை தோணிகள் திரும்பும் வரையில் நான் இவ்வூரிலேயே இருப்பேன். தனியே வந்து கேட்கலாம்.